புள்ளியும் தூசியும்

எவர்சில்வர் பாத்திரம் விற்கும் கடைகளில் பெயர் வெட்டித் தருபவரை எல்லோரும் பார்த்திருப்போம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, கையில் அதிரும் மின்பேனா, மடியில் ஒரு குடம். பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், திருமண நாள் என்று எழுதிக்கொண்டே போவார். முன்கூட்டிக் கோடு போட்டுக்கொள்வதில்லை. எழுத்து எங்கே வளையும், குடம் எங்கே வளையும் என்ற இரண்டும் அவர் கைக்குத் தெரியும். மின்பேனாவுக்கு முந்தைய காலத்தில் சிற்றுளியும் சுத்தியலும் இருந்தன. பாட்டி வீட்டுப் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் அந்த எழுத்தை மறந்திருக்க மாட்டார்கள். அது கோடு அன்று. நெருங்க நெருங்க அடித்த புள்ளிகளின் வரிசை.

கொங்கு நாட்டில் இவ்வழக்கம் மிகப் பழையது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985இல் தொடங்கி அகழ்ந்தபோது, ஆட்பெயர்கள் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. எழுத்து தமிழ் பிராமி. தன் பானையைப் பிறர் எடுத்துப் போய்விடக்கூடாது என்ற கவலை ஈராயிரம் ஆண்டுகளாக மாறவில்லை போலும். சுட்ட மண்ணில் கூரிய முனை, ஓலையில் எழுத்தாணி, கல்லில் உளி, பித்தளையில் சிற்றுளி என்று கருவிதான் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்கும் கருவியோடு நாங்கள் சில மாதங்கள் மல்லாடியதைப் பற்றியது இக்கட்டுரை.

நாங்கள் என்றால் இருவர். ஒரே கல்லூரியில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் இயற்பியல். காரமடையில் நண்பர் வீட்டுக் கார் ஷெட்டில், கார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேசையும், மேசைமேல் ஒரு லேசர் எந்திரமும் இருக்கின்றன. அலுமினியச் சட்டம், இரண்டு பெல்ட், மூன்று மோட்டார், நடுவே கைப்பிடியளவு ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து நீல ஒளி கீழே இறங்கும். ஒளித்திறன் 10 வாட். நாம் வீட்டில் மாட்டும் எல்இடி பல்பும் ஏறத்தாழ அத்தனை வாட்தான். ஆனால் பல்பின் ஒளி அறை முழுக்கப் பரவுகிறது; இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் குவிகிறது. அந்த இடத்தில் மரம் கருகுகிறது. அவ்வளவுதான் தத்துவம். தொழிற்கூடங்களிலுள்ள பெரிய எந்திரங்களில் இருப்பது வேறு வகை. கரியமில வாயுக் குழாயில் பிறக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். எங்களுடையதில் இருப்பது நீல டையோடு. நீல ஒளி உமிழும் டையோடுக்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ஷூஜி நகமுராதான் நீல லேசர் டையோடையும் உருவாக்கிக் காட்டியவர். இந்த ஒளியை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. பிரதிபலித்து வரும் ஒளியும் விழித்திரையைச் சுடும். உரிய கண்ணாடி அணியாமல் யாரையும் நண்பர் ஷெட்டுக்குள் விடுவதில்லை. ரெக்சின், பிவிசி போன்றவற்றையும் அதன் கீழே வைக்க விடுவதில்லை. அவை எரிந்தால் குளோரின் கலந்த நச்சுப்புகை வரும்.

சாவிக்கொத்து வில்லைகள், மாணவர்களுக்கு நினைவுப்பரிசு, வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை என்று சில்லறை வேலைகள் செய்து எந்திரத்தோடு பழகியிருந்தோம். அப்போதுதான் நண்பரின் தாயார் மறைந்து ஓராண்டு நெருங்கியது. காரமடைக்கு மேற்கே அவர்களுக்குக் கறிவேப்பிலைக் காடு இருக்கிறது. இந்தப் பக்கத்து இலையின் வாசத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு என்பது பலர் அறிந்ததே. அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், அதுவும் ஐம்பதுகளில். இலை அறுப்புக் கணக்கை நாற்பது பக்க நோட்டுகளில் கடைசி வரை அவரே எழுதினார். அந்தக் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தை, அவர் கையெழுத்திலேயே, பழைய வீட்டின் கதவுப் பலகையில் செதுக்கி, கட்டுக் கட்டும் கொட்டகையில் மாட்ட வேண்டும் என்பது நண்பரின் விருப்பம்.

கணினியில் தட்டச்சு செய்து செதுக்கினால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அம்மாவின் 'லை' இன்றைய 'லை' அன்று. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது; ஐகாரக் குறி தனியே முன்னால் நிற்காமல், யானை துதிக்கையைத் தூக்கினாற்போல் எழுத்தோடு ஒட்டி மேலெழுந்து வளைவது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் ணா, றா, னா முதலான ஒன்பதும் சேர்ந்து பதின்மூன்று எழுத்துகள் அந்தச் சீர்திருத்தத்தில் உருமாறின. பள்ளிகளும் அச்சகங்களும் மாறிவிட்டன. அம்மா மாறவில்லை, மாறச் சொல்லி அவருக்கு யாரும் கடிதம் போடவும் இல்லை. இலைக் கணக்கு நோட்டில் 'இலை' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வராமலிருக்குமா? ஒவ்வொரு வரியிலும் ஒரு துதிக்கை எழுந்து நிற்கிறது. இன்று கணினியில் வழங்கும் எழுத்துருக்கள் பெரும்பாலும் இவ்வடிவத்தைத் தருவதில்லை. எனவே கையெழுத்தைப் படமாக்கித்தான் செதுக்க வேண்டும்.

பலகை வேப்பமரம். கதவின் இரண்டு பலகைகளில் ஒன்று செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியது ஒன்றே. அது கெட்டால் வேறு இல்லை. செல்லரித்த பலகையின் நல்ல துண்டுகளைச் சோதனைக்கு வைத்துக்கொண்டோம்.

முதல் சோதனைத் துண்டைப் பார்த்தபோது எழுத்துகள் ஓரளவு வந்திருந்தன; புள்ளிகள் வரவில்லை. 'கட்டு' என்பது 'கடடு' என்று இருந்தது. அடுத்த துண்டில் வேறு முறையில் ஓட்டினோம். இம்முறை சில புள்ளிகள் வந்தன. ஆனால் புள்ளியாக அன்று, குண்டூசியைக் காய்ச்சிக் குத்தியதுபோல் ஆழ்ந்த கரிய துளைகளாக. ஒன்று புள்ளியே இல்லை, அல்லது புள்ளி பள்ளமாகிறது. இரண்டுக்கும் நடுவே ஏதுமில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் புள்ளி இடவில்லை. அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சோழர் கல்வெட்டுகளிலும் புள்ளியைத் தேடித்தான் காண வேண்டும். விளைவு, ஏட்டைப் படிப்பவர் ஒவ்வோர் எழுத்திலும் நின்று, இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா, இந்தக் கோடு காலா ரகரமா என்று பொருள்நோக்கி முடிவு செய்ய வேண்டியிருந்தது. உ.வே.சாமிநாதையர் போன்றோர் பட்ட பாட்டில் கணிசமான பங்கு இந்த இடப்படாத புள்ளிகளால் வந்தது. எழுத்தாணிக்குப் புள்ளி என்றால் பொத்தல். எங்கள் லேசருக்கும் அதுவே என்பதைக் கண்டபோது, எரிச்சலுக்கு நடுவிலும் சற்று மகிழ்ந்தோம் என்று சொன்னால் நண்பர்கள் நம்ப வேண்டும்.

மகிழ்ச்சி பலகைக்கு உதவாது. கோளாறை ஒவ்வோர் இடமாகத் தேடினோம். இயற்பியலார் வகுத்த ஒழுங்கு இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைத் துண்டின் முதுகிலேயே பென்சிலால் எழுதி வை.

முதலில் குவியம். வில்லைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே கதிரின் முனை மழுங்கும். ஒரு நீளத் துண்டை ஒரு முனையில் குச்சி கொடுத்துச் சாய்த்து வைத்து, அதன்மேல் நேர்கோடு ஒன்றை ஓட்டினால், கோடு ஓரிடத்தில் மட்டும் மயிரிழையாக மெலிந்து இருபுறமும் தடிக்கும். மெலிந்த இடத்தின் உயரமே சரியான உயரம். எளிய சோதனை, எந்திரத்தோடு வந்த அளவுக்கட்டையைவிட நம்பகமானது. கதவுப் பலகையோ நாற்பது ஆண்டு வெயில் குடித்து, நடுவில் இரண்டு மில்லிமீட்டர் கூனியிருந்தது. கூனல் இழைக்கப்படாதவரை எந்த அளவும் பலகையின் ஓரிடத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரு தச்சரிடம் கொடுத்து இழைத்தோம். வேம்பின் இழை அடுக்கடுக்காகத் திசை மாறிப் பின்னியிருப்பதால் இழைப்புளி ஒரு புறம் வழுக்கும், மறுபுறம் பிய்க்கும். அவர் அதற்காக முனகிய சொற்களை இங்கே எழுத வேண்டாம்.

அடுத்தது அசைவு. பெல்ட் தொய்ந்திருந்தால் வட்டம் வரையச் சொல்லும்போது தொடங்கிய இடமும் முடிந்த இடமும் பொருந்தா. எங்கள் வட்டம் பொருந்தவில்லை. பெல்ட்டைச் சற்று இறுக்கியும் தீரவில்லை. கடைசியில், மோட்டார்த் தண்டில் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரத்தின் சிறு திருகு தளர்ந்திருந்தது தெரிந்தது. கோவை லேத் பட்டறைகளில் இதைப் புல்லி என்பார்கள். புல்லி நழுவினால் புள்ளி நழுவும் என்று தமிழ்த்துறை ஒரு சிலேடை சொல்லிப் பார்த்தது. இயற்பியல் துறை கண்டுகொள்ளவில்லை.

அதைவிட நுட்பமான ஒரு பிசகு உண்டு. எந்திரம் உழவு மாடுபோல இடமிருந்து வலம் போய், வலமிருந்து இடம் திரும்பி வருகிறது. இரு போக்கிலும் கோடு இழைக்கிறது. ஆணை பிறந்து ஒளி எரிய ஒரு மில்லி விநாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் அது வலப்போக்கில் 0.1 மி.மீ. வலமாகவும், இடப்போக்கில் 0.1 மி.மீ. இடமாகவும் தள்ளிப் போடும். அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே 0.2 மி.மீ. விலகல். பெரிய எழுத்தில் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரியும். அரை மில்லிமீட்டர் புள்ளியிலோ விலகலே பாதி. புள்ளி புள்ளியாக இராது. வேகத்தைப் பாதியாக்கினால் விலகலும் பாதியாகும். மென்பொருளில் எதிர்விலகல் கொடுத்தும் சரிசெய்யலாம். இரண்டையும் செய்தோம்.

புகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷெட்டின் மேற்குப்புறம் திறந்தது. ஆடிக் காற்று புகையை அள்ளி எழுத்தின் கிழக்குப்புறமாகவே படிய வைத்தது. எல்லா எழுத்தும் நிழல் விழுந்தாற்போல் தோன்றின. போதாததற்கு, எழும் புகை கதிரை மறைக்கிறது, வில்லையில் படிந்து மங்கச் செய்கிறது. மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்றை வாங்கி, அதன் குழாயை முனைக்கருகே கட்டி, புகையை உடனுக்குடன் ஊதித் தள்ளச் செய்தோம். பலகைமேல் காகித டேப் ஒட்டினால் கறை டேப்போடு போய்விடும். வில்லையைத் தூய சாராயத்தில் தோய்த்த பஞ்சால் துடைத்ததும் மங்கியிருந்த கோடு மீண்டும் கறுத்தது. இந்தச் சிக்கல்கள் எந்த மொழியில் செதுக்குபவருக்கும் பொது.

புள்ளிக்கு மட்டுமே உரிய சிக்கல் இதற்கு அப்பால் இருந்தது. எழுத்தை எந்திரம் இரு வகையில் செதுக்கலாம். ஒன்று, பேனாபோல விளிம்பைத் தொடர்ந்து வரைவது. மற்றது, உழவுபோல வரிவரியாக நிரப்புவது. வரையும் முறையில், நீண்ட வளைவில் முனை சொன்ன வேகத்தில் ஓடுகிறது. புள்ளிக்கு வரும்போது அரை மில்லிமீட்டருக்குள் ஒரு வட்டம் சுற்ற வேண்டும். ஓடத் தொடங்குவதற்குள் நிற்க வேண்டியிருப்பதால் வேகமே பிடிப்பதில்லை. ஒளி மட்டும் முழுத்திறனில் எரிகிறது. அதுதான் பள்ளம். எந்திரத்தை இயக்கும் ஜிஆர்பிஎல் என்ற திறந்தமூல நிரலில் இதற்கென்றே எம் 4 என்ற ஆணை இருக்கிறது. வேகம் குறைந்தால் ஒளியையும் அதே விகிதத்தில் குறைக்கும். எம் 3 என்பது நின்றாலும் எரிவது. எம் 4இல் பள்ளம் மறைந்தது. நிரப்பும் முறையிலோ, விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் கடக்கும் முனை அரை மில்லிமீட்டர் புள்ளியின்மேல் இருப்பது ஐந்து மில்லி விநாடி. மரம் நிறம் மாறுவதற்குக் குறைந்தபட்சச் சூடு ஒன்று வேண்டும்; அக்கம்பக்கம் எரியும் எழுத்துக்குக் கிடைக்கும் சேர்ந்த வெப்பம் தனித்து நிற்கும் புள்ளிக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எழுத்தை ஓர் அடுக்காகவும் புள்ளியை வேறோர் அடுக்காகவும் பிரித்து, எழுத்துக்கு ஒரு வேகம், புள்ளிக்கு அதில் பாதி என்று வைத்தோம். கட்டம் கட்டமாக வேகத்தையும் திறனையும் மாற்றி ஒரு துண்டு முழுக்க நூறு புள்ளிகள் இட்டுப் பார்த்து, அவற்றுள் கண்ணுக்குச் சரியென்று பட்ட ஒன்றைத் தேர்ந்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் பாதிப் புள்ளிகள் வரவில்லை. வேகம் குறைத்தாலும், திறன் கூட்டினாலும், இரண்டு முறை ஓட்டினாலும் அதே புள்ளிகள் அதே இடங்களில் வராமலே இருந்தன. எந்திரக் கோளாறு இப்படி ஓர் ஒழுங்கோடு இருப்பதில்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அங்கே புள்ளியே இல்லை.

நோட்டு நண்பரின் அக்காவிடம், அன்னூர்ப் பக்கத்தில் இருந்தது. அவர் செல்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்படத்தில் அம்மாவின் புள்ளி ஒன்று பத்துப் பிக்சல்கூடத் தேறாது. படத்தைக் கோட்டுருவாக மாற்றும் மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு: இத்தனை பிக்சலுக்குக் குறைந்தவற்றைத் தூசி என்று கொண்டு நீக்கிவிடும். ஆங்கில எழுத்துக்கு அது நல்ல வசதி. அங்கே புள்ளி வைத்த எழுத்து இரண்டே. அவற்றில் புள்ளி போனாலும் எழுத்து இன்னதென்று தெரிந்துவிடும். தமிழுக்கு அது கத்தரிக்கோல். 'கட்டு', 'மிச்சம்', 'சந்தை' எல்லாவற்றின் தலையையும் தூசி என்று துடைத்து, சுத்தமாக்கிக் கொடுத்திருந்தது. அவ்வசதியை நிறுத்தியவுடன் புள்ளிகள் வந்தன. கூடவே காகிதத்தின் செம்மை, நீர்த்துளி, மஞ்சள் கறை, ஈ எச்சம் யாவும் வந்தன. பக்கம் முழுக்க அம்மை போட்டாற்போல் இருந்தது. எது புள்ளி, எது தூசி?

நோட்டே வேண்டும் என்று கேட்டோம். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்தார், நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு. வந்தவர் சோதனைத் துண்டைக் கையில் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். தலைப்பு வரியில் அம்மா 'வெள்ளிக்கிளமை' என்று எழுதியிருக்கிறார்.

"ஏங்கண்ணு, இதை மட்டும் சரி பண்ணிப்போடலாமில்ல? நாலு சனம் வந்து பாக்கையில, அம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லிப்போடுவாங்க."

"அம்மா எழுதுனபடியே இருக்கட்டுங்க்கா."

"உனக்கென்ன, நீ வாத்தியாரு. உன்னைய ஆரும் சிரிக்க மாட்டாங்க." பிறகு தமிழ்த்துறையின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், தப்பைத் தப்புன்னுதானுங்களே பள்ளிக்கூடத்துல சொல்றீங்க?"

எளிய கேள்வி அன்று. கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர்கள் இதற்கு ஒரு மரபை ஏற்படுத்தியிருக்கிறார்கள். 1890இல் ஹூல்ச் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அதைக் காணலாம். கல்லில் உள்ளது உள்ளபடி மேலே. இவ்வாறு படிக்க என்ற திருத்தம் அடிக்குறிப்பில். கல்வெட்டியவன் பிழை செய்தாலும் அது அவன் காலத்து ஒலிக்குச் சான்று. கிழமை கிளமையாவது கொங்கு நாட்டு நாவில் மட்டுமன்று, தமிழகத்தின் பாதியில். ஆனால் பலகையில் அடிக்குறிப்பு ஏது? பதிப்பாசிரியரின் ஒழுங்கு பதிப்பாசிரியருக்குச் சரி. ஊரார் நடுவே தாயின் பெயர் நிற்க வேண்டும் என்று கவலைப்படும் மகளிடம் அதை நீட்டுவது முறையா என்ற தயக்கம் எழுந்தது. உள்ளபடி சொன்னோம்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முதலில் புள்ளிகளைப் பார்த்துவிடுவோம் என்று.

பக்கத்தை 600 புள்ளியடர்த்தியில் வருடினோம். ஆனால் புள்ளியைத் தூசியிலிருந்து பிரித்துக் காட்டியது வருடி அன்று, டார்ச் விளக்கு. அம்மா எழுதியது பந்துமுனைப் பேனாவால். கை அழுத்தமான கை. பேனா பட்ட இடத்தில் தாள் குழியும், முதுகில் மேடு எழும். அறையை இருட்டாக்கி, தாளைத் திருப்பி வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு மேடும் நிழலோடு தெரிகிறது. தேய்ந்த கல்வெட்டைச் சாய்வெயிலில் படிப்பவர்கள் செய்வதும் இதையே. தூசிக்கும் கறைக்கும் மேடு இல்லை. அக்காவுக்கு டார்ச்சும் வேண்டியிருக்கவில்லை. விரலால் தடவியே சொன்னார்.

கணக்கெடுத்தோம். எழுத்திலக்கணப்படி அப்பக்கத்தில் 34 புள்ளிகள் இருக்க வேண்டும். அம்மா இட்டவை 22. சொல் நடுவில் வல்லெழுத்து இரட்டிக்கும் இடத்தில் தவறாமல் இடுகிறார்; சொல்லின் கடைசி மெய்யில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். அங்கே புள்ளி இல்லாவிட்டாலும் படிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை போலும். ஓலை எழுதியவர்களுக்கும் அந்த நம்பிக்கைதான்.

ஆனால் மேடுகள் 31. ஒன்பது மிகுதி. அவை எந்த எழுத்தின் தலையிலும் இல்லை. மூன்று ஆட்பெயர்களுக்கு எதிரே, வலது ஓரத்தில், இரண்டு, மூன்று, நான்கு என்று நின்றன. தூசியும் அன்று, மெய்ப்புள்ளியும் அன்று. இலக்கணத்தில் அவற்றுக்கு இடமில்லை. பேனா எழுதுகிறதா என்று பார்க்கக் குத்தியவையோ என்று நண்பர் ஐயுற்றார். அக்காவிடம் காட்டினோம்.

"இது தெரியலீங்களா? பத்துக் கட்டுக்கு ஒரு புள்ளிங்க. ஆளுங்க கட்டிக் கட்டிப் போடப் போட அம்மா எண்ணிக்கிட்டே வருவாங்க. வண்டி வந்து நிக்கும், எழுத நேரமிருக்காது. பத்து ஆச்சுன்னா ஒரு குத்து. சாயங்காலம் குத்தை எண்ணித்தான் கூலி." சற்று நிறுத்தி, "இதை அழிச்சுப்போட்டீங்கன்னா அவுங்களுக்குக் கூலியில்லைன்னு ஆயிருமுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த மூவரும் இன்றும் அதே காட்டில் இலை அறுக்கிறார்கள்.

'வெள்ளிக்கிளமை'யைப் பற்றி அக்கா மேற்கொண்டு பேசவில்லை. புறப்படும்போது மட்டும், "நீங்களே பாத்துச் செய்யுங்க, எழுத்து அசிங்கமா வராமப் பாத்துக்குங்க" என்றார். எழுத்தை அம்மா எழுதியபடியே விட்டோம். அவர் இடாத பன்னிரண்டு புள்ளிகளை நாங்களும் இடவில்லை. தமிழ்ப் பேராசிரியர்கள் யாரேனும் கொட்டகைக்கு வந்தால் அவர்களுக்குச் சொல்ல விளக்கம் வைத்திருக்கிறோம்.

கதவுப் பலகையை ஓட்டியது புரட்டாசியில், காற்று அடங்கிய ஒரு காலையில். எழுத்துக்கு விநாடிக்கு 50 மி.மீ., திறன் 45 விழுக்காடு, கோட்டுக்குக் கோடு 0.1 மி.மீ. இடைவெளி. மெய்ப்புள்ளிகள் வேறு அடுக்கில், அதில் பாதி வேகத்தில். ஓரத்துப் புள்ளிகள் ஒன்பதும் மூன்றாம் அடுக்கு. அவற்றை இரண்டு முறை ஓட்டினோம், தூரத்திலிருந்தும் எண்ண முடிய வேண்டும் என்பதற்காக. இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் மின்சாரம் போய்விடக்கூடாதே என்ற கவலையில் இருவரும் தேநீருக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வரியின் இடப்பாதி சற்று வெளிறியிருக்கிறது. அங்கே வேம்பின் இழை திசை மாறுகிறது. ஒரே சூட்டுக்கு மரம் வேறு விதமாகக் கருகுகிறது. எந்த அளவாலும் அதைச் சரிசெய்ய இயலாது. கையால் கறுப்பேற்றலாம் என்றார் தச்சர். வேண்டாம் என்றோம். ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு பூசினோம்.

நினைவு நாளுக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். கிளமையை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை; துதிக்கை லையைப் பார்த்து, "அந்தக் காலத்து எழுத்து" என்று பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்த பேரனுக்குக் காட்டினார். இலை அறுக்கும் பெண்கள் மூவரும் மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். அவர்களுள் மூத்தவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எந்த வரி என்று அக்காவைக் கேட்டு, அதற்கு நேரே விரலை ஓட்டிக்கொண்டு போய், வலது ஓரத்தில் நிறுத்திப் புள்ளிகளை எண்ணினார். மீண்டும் எண்ணினார்.

"நாலுதான் இருக்குதுங்க," என்றார். "அன்னிக்கு நான் அம்பது கட்டுனேனுங்களே."

அன்று இரவு நண்பர் நோட்டை எடுத்து, டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து, அந்த வரியின் முதுகை இன்னொரு முறை பார்த்தார். மேடுகள் நான்கே இருக்கின்றன.